மூன்றாவது சீல்

லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார், பட்டறையின் மேஸ்திரி.

முகத்துக்கு நேர் மேலே பின் அச்சு. அதன் நடுவில் குடம்போலப் பருத்த பல்சக்கரப் பெட்டி, டிஃபரன்ஷியல்.

உள்ளே இருக்கிற எண்ணெயைக் காக்க சீல் என்கிற ஒரு ரப்பர் வளையம்தான். புதுச் சீலின் உதட்டில் எண்ணெய் தடவிப் பொருத்தினார். மரக்கட்டையை வைத்து, சுற்றிச் சுற்றித் தட்டினார். ஒரு பக்கமாக இறங்கிவிடக் கூடாது.

சத்தம் கெட்டிப்பட்டதும் நிறுத்தினார். இந்த வண்டிக்கு இது மூன்றாவது சீல்.

“டிஃபரன்ஷியலுக்கு வயித்தால போகுதாட்ட இருக்குதுங்க மேஸ்திரி. ஓமத்தண்ணி ஊத்திப் பாருங்க,” என்றான் வெல்டர் ராசுக்குட்டி.

அவர் சிரிக்கவில்லை.

சக்கரத்தின் ஓரம் இரண்டு கால்கள் நின்றன. ஒன்று வளைந்த கால்.

செங்கோடன். இந்த வண்டியின் டிரைவர்.

அவனோடு அவர் பேசுவதில்லை. வண்டியைப் பார்ப்பார். அவன் முகத்தைப் பார்க்க மாட்டார். ஊரில் எத்தனையோ பட்டறை இருந்தும் அவன் இங்கேதான் வருவான்.

அவர் மகன் யுவராஜ் அவனிடம்தான் கிளீனராகப் போனான். திம்பம் மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை.

செங்கோடன் கால் ஒடிந்து பிழைத்தான். யுவராஜ் பிழைக்கவில்லை.

நொறுங்கிக் கிடந்த வண்டியை அவரே போய்ப் பார்த்தார். பின்சக்கரத்துச் சீல்கள் கசிந்து, பிரேக் லைனரெல்லாம் எண்ணெயில் ஊறி, பிடிப்பில்லாமல் வழுக்கியது.

கருமாதியன்று, கட்டுப்போட்ட காலோடு வந்து நின்றவனை, அத்தனை பேர் முன்னாலும் கேட்டார்.

“எண்ணெ ஒழுகறதக்கூடப் பாக்காம என்னடா வண்டி ஓட்டுன?”

அவன் தலை குனிந்தது. அதற்குப் பிறகு அவர் முன்னால் அது நிமிரவே இல்லை.

சிந்திய எண்ணெயைத் துடைக்கத் துணியோடு அச்சின் மேல்பக்கம் கையை விட்டார்.

ஒழுகுவது கீழே. அதனால் எல்லாரும் கீழேயேதான் பார்ப்பார்கள். அவரும் அப்படித்தான்.

விரலில் ஒரு சின்னக் குமிழ் தட்டியது. பிரீதர். அச்சு மூச்சு விடுகிற ஓட்டை. வண்டி ஓட ஓட உள்ளே சூடேறிக் காற்று விம்மும். அது போக அந்த வழிதான். அதை அடைத்துவிட்டால், காற்று எண்ணெயைத் தள்ளிக்கொண்டு சீல் வழியாகத்தான் வரும். எத்தனை புதுச் சீல் போட்டாலும் வரும்.

அதன் மூடி, தொட்டால் ஆட வேண்டும்.

ஆடவில்லை.

கழற்றினார். உதட்டில் வைத்து ஊதினார். கன்னம் புடைத்தது. காற்று போகவில்லை.

நகத்தால் சுரண்டினார்.

வெள்ளிப் பெயிண்ட்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், தன்னிடம் வருகிற வண்டிக்கெல்லாம் அடியில் புகுந்து அச்சுக்கு வெள்ளிப் பெயிண்ட் அடிப்பார். யாரும் கேட்பதில்லை. வேறு எந்தப் பட்டறையிலும் செய்வதில்லை. சாமி கும்பிடுகிற வண்டி, அடியிலும் அழகாக இருக்கட்டுமே என்பார்.

மேலும் கீழும், ஓர் இடம் விடாமல் அடிப்பார்.

திம்பத்தில் நொறுங்கிய அந்த வண்டிக்கும் அடித்தார். பக்கத்தில் படுத்து டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தது யுவராஜ்தான்.



தலையைத் திருப்பினார். பக்கத்து லாரியின் அச்சு. அதற்கடுத்தது. அதற்கும் அடுத்தது. எல்லாம் பளபளவென்று வெள்ளி.

“செங்கோடா.”

கால்கள் அசையவில்லை. நம்பவில்லை போல.

“உள்ள வா சாமி.”

வளைந்த காலை இழுத்துக்கொண்டு ஊர்ந்து வந்தான். பக்கத்தில் படுத்தான். அவர் பிரீதரை அவன் உள்ளங்கையில் வைத்தார்.

ஊதிப் பார்த்தான். புரட்டிப் பார்த்தான். வெள்ளியைப் பார்த்தான்.

பிறகு அவரைப் பார்த்தான். நேராக.

“என்னாச்சு, ரெண்டு பேரும் உள்ளயே தூங்கீட்டீங்களா?” வெளியே ராசுக்குட்டி குனிந்தான்.

அவர் வாயைத் திறந்தார்.

“சீலுதான்டா,” என்று முந்திக்கொண்டான் செங்கோடன். “சீலுதான் போயிருச்சு.”

சொல்லிவிட்டு, பெயிண்டைச் சுரண்ட, கீழே கிடந்த கம்பியை எடுத்துக்கொண்டு, பக்கத்து லாரிக்கு அடியில் அவருக்கு முன்னால் ஊர்ந்து போனான்.