அஞ்சு மணி பஸ்

"டிஸ்க்ல இடம் இல்லையா? யாருய்யா அடைச்சு வெச்சது?"

கடலோர ஆராய்ச்சி ஆபீசின் கம்ப்யூட்டர் அறையே அதிர்ந்தது. அதிகாரி பக்தவச்சலத்துக்குக் கோபம் எப்பவுமே மூக்குக்கு மேல. மூணு வருஷமா கடல் தண்ணியை அளந்து சேர்த்த கணக்கு. அதை வெச்சு எழுதற அறிக்கை அடுத்த வாரம் டெல்லி போகணும். அவரோட பதவி உயர்வே அதுலதான் தொங்குது.

ஆபரேட்டர் தணிகைவேல் தலையைச் சொறிந்தான்.

"நம்ம ஆபீஸ்ல கணக்கு அடிக்கிற சம்பூர்ணம்மா பேர்ல குட்டிக் குட்டி ஃபைலா ரொம்பிக் கெடக்குது சார். எல்லாம் ரெண்டு மூணு வரிதான். ஆனா எம்மாம் சின்னதா இருந்தாலும் மிஷினு ஒரு முழுப் பொட்டி ஒதுக்கிடும்."

"கூடைக்கு ஒரு நெத்திலி போட்டு வண்டியை ரொப்பின கதையா இருக்கே! அழி எல்லாத்தையும்."

"அந்தம்மா மதுராந்தகம் போய்க்கீறாங்க சார். நாளிக்கு வந்துடுவாங்க. ஒரு வார்த்த கேட்டுக்கினு..."

"அவளை என்னய்யா கேக்கறது? அழி!"

அழித்தான்.

மறுநாள் விஷயம் தெரிந்ததும் சம்பூர்ணத்தின் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, அது உங்க கடல் கணக்கு சார்!"

"என் கணக்கு ஒரே பெரிய ஃபைலா என் பேர்ல பத்திரமா இருக்கும்மா" என்று சிரித்தபடி அதைத் திறந்தார். உள்ளே தலையும் இல்லை, வாலும் இல்லை. வெறும் குப்பை.

"கணக்கை மொதல்ல குத்தி வெச்ச பழைய கார்டுங்க?"

"இடத்தை அடைக்குதுன்னு போன மாசம் நீங்கதானே கொளுத்தச் சொன்னீங்க?"

"எந்தப் பாவி என் ஃபைலைக் கெடுத்தான்? சொல்லு, அவன் வேலையைக் காலி பண்றேன்!"

சம்பூர்ணம் தயங்கினாள். கண் கலங்கியிருந்தது.

"பொங்கலுக்கு முந்தின நாள் சார். அஞ்சு மணி ஸ்டாஃப் பஸ் ஹாரன் அடிச்சதும், மிஷின் எழுதி முடிக்கறதுக்குள்ள சுவிட்சை அணைச்சிட்டு ஓடினீங்க. அந்த ஃபைல் அன்னிக்கே போச்சு. வெளியில தெரிஞ்சா உங்களுக்குத் தலைகுனிவுன்னு, தினம் பஸ்ஸை விட்டுட்டு உக்காந்து, கார்டைப் பாத்துத் திரும்ப அடிச்சேன். அறிக்கைக்கு முன்னால ஒண்ணாச் சேத்து உங்க பேர்லயே வெச்சிடலாம்னு இருந்தேன்."

"அதை ஏம்மா துண்டு துண்டா வெச்சே?"

"நீங்க மறுபடியும் பஸ்ஸுக்கு ஓடினா, ஒருநாள் கணக்கு மட்டும் போகட்டுமேன்னுதான் சார்."