இறக்கையில் எழுதிய பெயர்

“நீ சுத்தினா என்னை யாராலயும் படிக்க முடியல! நீ சுத்தினா என்னை யாராலயும் படிக்க முடியல!” காலையிலிருந்து பெயருக்கு இதே பல்லவிதான்.

‘உபயம்: மெனாஷே குடும்பம்’ என்று ஆஸ்பத்திரி மின்விசிறியின் இறக்கைகளில் சிவப்பாக எழுதியிருந்த பெயர் அது. அந்தக் குடும்பம் நான்கு மின்விசிறிகள் வாங்கித் தந்திருந்தது. யூதர்களின் ஜெபக்கூடத்துக்கு ஒன்று, சங்கீத சபைக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, இங்கே ஒன்று. பெயர் எழுதியது மட்டும் ஆஸ்பத்திரிக்காரர்களின் அதிகப்பிரசங்கித்தனம்.

“படிச்சு என்ன பரீட்சையா எழுதப் போறாங்க? சும்மா இரு தாயே, கீழே பாரு,” என்றது மின்விசிறி.

கீழே, காய்ச்சலில் கிடந்த சிறுமி அமலி அந்தக் காற்றில் கனவு கண்டுகொண்டிருந்தாள். கட்டில் படகாகி, போர்வை பாயாகி, வெள்ளிக் கடலில் மெல்ல மிதந்து போனது.

அந்த நேரம் பார்த்து மெனாஷே வீட்டு அம்மாள் வந்தார். பெயர் பளிச்சென்று தெரியட்டுமே என்று யாரோ ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தார்கள்.

“இப்பப் பாரு என் அழகை!” என்று பூரித்தது பெயர்.

மின்விசிறி உந்தி உந்திப் பார்த்தது. அசையவே முடியவில்லை. நடுக்கடலில் படகு நின்றுவிட்டது. அமலி வியர்த்து முனகினாள்.

எல்லோரும் அண்ணாந்து படித்துக் கைதட்டினார்கள். அந்த அம்மாள் மட்டும் குனிந்து, முந்தானையால் குழந்தையின் நெற்றியைத் துடைத்தார்.

“அந்த ஃபேனைக் கொஞ்சம் போடுங்க,” என்றார்.

கைதட்டல் ஓயவில்லை. அந்த அம்மாள் குரலை உயர்த்தினார்.

“யாராவது அந்த ஃபேனைப் போடுங்களேன்!”