எச்சில் ஊற ஒரு பத்தியம்

“கவர்மென்ட் நர்ஸ் உத்தியோகத்த உட்டுட்டு, உணவு வைத்தியத்துக்கு வந்துட்டீங்களாமே நர்சம்மா. எனக்கு ஒரே வாயுத் தொல்லைங்க” என்றார் நெசவாளி மாணிக்கவேல். அவர் மனைவி கமலம் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

லீலா இருவரையும் பார்த்துவிட்டு நோட்டில் எழுதினாள்.

“மத்தியானம் கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை, வேர்க்கடலை. ஆனா தறிய உட்டு எழுந்ததும் சாப்பிடக் கூடாது. மொதல்ல ஒருத்தர் உங்க எதிர்ல உக்காந்து இதையே வயிறு நெறைய சாப்பிடணும். நீங்க பாத்துகினு இருக்கணும். எச்சில் நல்லா ஊறினாத்தான் ஜீரணம் ஆவும். அப்புறம் நீங்க சாப்பிடலாம்.”

“வூட்ல இவ ஒருத்திதான். இவ எப்பவும் கடைசியிலதாங்க சாப்பிடுவா.”

“வைத்தியத்துக்காக மாத்திக்கட்டும்.”

ஒரு மண்டலம் கழித்து இருவரும் வந்தார்கள்.

“மொதல்ல பேஜாரா இருந்துச்சு. இப்ப வாயு கொறஞ்சிருக்குதுங்க” என்றார் மாணிக்கவேல்.

“நல்லது” என்ற லீலா, கமலத்தின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவந்திருந்தது. ஆஸ்பத்திரியில் லீலாவின் கையால் ஐந்து வருடம் சத்து மாத்திரை வாங்கிப் போயும், அந்த இமை வெளுத்தேதான் கிடந்தது.

‘ரத்தம் ஏறிவிட்டது’ என்று நோட்டில் எழுதினாள். மாணிக்கவேல் எட்டிப் பார்த்தார்.

“இந்தப் பக்கத்துக்குத் தலைப்புல இவ பேரு இருக்குதே. வைத்தியம் எனக்குத்தானுங்களே?”

“பத்தியம் உங்களுக்குத்தான்” என்றாள் லீலா. “இன்னும் ஒரு மண்டலம் விடாம இருங்க.”