வழி விடுங்க

பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் மதியக் கூட்டம். கொதிக்கும் மீன்கறியோடு ஷஹானா மேசைகளுக்கு நடுவே நின்றாள்.

"கொஞ்சம் வழி விடுங்க, சூடா இருக்கு."

யாரும் நகரவில்லை. போனிலிருந்து ஒரு தலைகூட நிமிரவில்லை.

பின்னாலேயே தட்டுகளைச் சுமந்துகொண்டு கடையின் புது ரோபோ வந்தது. "கொஞ்சம் வழி விடுங்க, சூடா இருக்கு."

நாற்காலிகள் சரசரவென்று ஒதுங்கின. "தேங்க் யூ லா!" என்று ஓர் ஆன்டி அதைத் தட்டிக்கொடுத்தார். அந்த இடைவெளியில்தான் ஷஹானாவும் நுழைந்து வந்து, அவர் மேசையில் கறியை வைத்தாள்.

"எவ்வளவு அன்பா பேசுது, பாத்தியா?" என்றார் ஆன்டி. "நீயும் அதுகிட்ட கத்துக்க லா. எப்பப் பாத்தாலும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு..."

ஷஹானா காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு திரும்பினாள். கால் கடுத்தது.

கல்லாவிலிருந்து முதலாளி அம்மார் கூப்பிட்டார்.

"ஷஹானா, ரோபோவுக்கு 'மறுபடியும் வாங்க'ன்னும் உன் குரல்ல ஏத்தணும். போன தடவ பேசிக் கொடுத்த மாதிரியே சிரிச்சிக்கிட்டே பேசு, என்ன?"

வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அவர் நீட்டிய போனைப் பார்த்து அவள் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.