மறைவு தேதி

மூன்று வருடத்துக்கு முன் காணாமல்போன மகன் இளம்பரிதியின் பெயரில் கணவர் தொடங்கும் அறக்கட்டளைக்கு போர்டு அடிக்க வந்திருந்தாள் சௌந்தரவல்லி. இருப்புக் கொள்ளவில்லை. பிளெக்ஸ் கடைக்காரரின் முதுகுக்குப் பின்னால் நின்று கம்ப்யூட்டரையே பார்த்தாள். அறக்கட்டளை என்றதும் அவர் பழக்கதோஷத்தில் மகன் படத்துக்கு மாலை போட்டு, கீழே விளக்கும் ஏற்றிவிட்டார்.

“மறைவு தேதி சொல்லுங்கம்மா.”

“மாலைய எடுங்க. வெளக்கையும் எடுங்க.”

எடுத்தார்.

“தேதி போடுற எடத்துல எங்க வீட்டு போன் நம்பர் போடுங்க. பெருசா.”

“ஆபீஸ் வாசலுக்கு ஒண்ணு போதும்ல?”

“பஸ் ஸ்டாண்டுல ஒரு தண்ணிப் பந்தல் வைக்கிறோம். பந்தலுக்கு ஒண்ணு வேணும். மேல, கூரைக்கு உள்பக்கமா மாட்டணும்.”

“அங்க மாட்டினா யாரும்மா பாப்பாங்க?”

“அண்ணாந்து தண்ணி குடிக்கையில அவன் பாப்பான்.”