மார்ச் ஒன்றாம் தேதிக்குள்

“ஏம்ப்பா நார்மன், மண்ணத் தோண்டுறியா, இல்ல அதுக்கு முதுகு சொறிஞ்சு விடுறியா?”

இரண்டு கோட்டுக்கும் ஒரு கம்பளிக்கும் உள்ளேயிருந்து ஹெட்டியின் குரல் வந்தது. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எண்பத்தொரு வயது. செப்டம்பரில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டதில் நடைதான் தளர்ந்திருந்தது. நாக்கு புத்தம் புதிதாக இருந்தது.

“தரை உறைஞ்சு கிடக்கு, ஹெட்டிம்மா. மண்வெட்டி இறங்க மாட்டேங்குது.”

“யார்க்‌ஷயர்ல டிசம்பர்னா உறையாம வேர்த்தா கொட்டும்? களைய வேரோட எடு. பாதிய விட்டா ஏப்ரல்ல குடும்பத்தோட வந்து நிக்கும்.”

நார்மன் பெருமூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். நகராட்சி வாடகைக்கு விட்டிருந்த அறுபது தோட்டங்களில் பதினெட்டாம் எண் அவருடையது. பக்கத்துப் பதினேழு, முப்பத்து நான்கு வருடமாக ஹெட்டியுடையது.

நவம்பரில் ஹெட்டிக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. ‘தங்கள் தோட்டத்தில் களை மண்டியுள்ளது. மார்ச் ஒன்றாம் தேதிக்குள் முழுவதும் தோண்டிப் பண்படுத்தாவிட்டால் தோட்டம் திரும்பப் பெறப்படும். இப்படிக்கு, செயலாளர், தோட்டக் கமிட்டி.’

அந்த வாரமே அதைக் கையில் பிடித்துக்கொண்டு, கைத்தடியை ஊன்றி ஊன்றி வந்து நின்றார் ஹெட்டி. “நானே தோண்டித் தர்றேன்” என்று நார்மன் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் அவர் ஒரு மகான்.

இப்போதும் நாற்காலியிலிருந்து ஹெட்டி அந்த நோட்டீஸை ஆட்டினார். “பேர்கூடப் போடல பாரு. வெறும் ‘செயலாளர்’. பேரப் போட்டா பெத்தவ வெட்கப்படுவான்னு நெனச்சிருப்பான்.”

“விதிமுறைன்னு ஒண்ணு இருக்குல்ல, ஹெட்டிம்மா. அவரும் என்ன பண்ணுவார், பாவம்...”

“அந்தப் பாவத்துக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குற? தோண்டு.”

நார்மன் தோண்டினார். வேறு வழியில்லை. ஏனென்றால் அந்தச் செயலாளரே அவர்தான்.

ஹெட்டி ஆஸ்பத்திரியில் இருந்தபோது நடந்த கூட்டத்தில், வேறு யாரும் கையைத் தூக்காததால் கிடைத்த பதவி அது. விதிமுறை எல்லோருக்கும் ஒன்றுதான் என்று மார்தட்டிக்கொண்டு, களை தெரிந்த ஒன்பது தோட்டங்களுக்கும் நோட்டீஸ் அனுப்பினார். எழுதும்போது அவை வெறும் எண்களாகத்தான் தெரிந்தன. கைத்தடியோடு ஹெட்டி வந்து நின்றபோதுதான் செய்த காரியம் உறைத்தது.

ஜனவரியில் பனி கொட்டியது. நார்மன் பதினோரு தள்ளுவண்டி குதிரைச் சாணியைக் கொண்டுவந்து பரப்பினார்.

“ஏன், குதிரைக்கு உடம்பு சரியில்லையா? மூலையில ஒண்ணுமே விழல!”

இன்னும் ஆறு வண்டி வந்தது.

பிப்ரவரியில் கூஸ்பெரிப் பழப் புதரைக் கத்தரித்துவிடச் சொன்னார் ஹெட்டி. வெட்டியதும், “நாவிதர் கடைக்கு அனுப்பியிருந்தா இதைவிட நல்லா வெட்டியிருப்பாங்க” என்றார். முட்டைக்கோஸைப் புறா கொத்தாமலிருக்க வலை கட்டச் சொன்னார். கட்டியதும், புறாவுக்கு ஊஞ்சல் கட்டியிருக்கிறாயா என்று கேட்டார். நடுநடுவே குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். கூடவே ஒரே ஒரு பிஸ்கட்.

இரண்டு முறை உண்மையைச் சொல்லிவிட நார்மன் வாயைத் திறந்தார். “வாய மூடிட்டு வேல பாரு, குளிர் உள்ள போயிடும்” என்று ஹெட்டி இரண்டு முறையும் அடக்கிவிட்டார்.

இதற்குள் பதினெட்டாம் எண் தோட்டம் முழங்கால் உயரக் காடாகிவிட்டது. அதைப் பார்க்கவும் நார்மனுக்கு நேரமில்லை. நிமிரவும் முதுகு இல்லை.

மார்ச் ஒன்றாம் தேதி காலை. கமிட்டித் தலைவி மியூரியல் பார்வையிட வந்தார். கூடவே கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண். பதினேழாம் எண் தோட்டம் கறுத்த கேக்கைப் போல மெத்தென்று கிடந்தது. ஒரு களை இல்லை.

நார்மனுக்கு நெஞ்சு விம்மியது. தொப்பியைக் கழற்றினார்.

“ஹெட்டிம்மா, ஒண்ணு சொல்லணும். அந்த நோட்டீஸ எழுதினது நான்தான்.”

“தெரியும்.”

“எப்பலேர்ந்து?”

“வந்த அன்னிக்கே மியூரியலுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டேன்.”

மியூரியல் மேகங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

“அப்ப நாலு மாசமா என்னைத் திட்டினதெல்லாம்...”

“உன்னைத்தான். வேற யாரைத் திட்டுவாங்க?”

நார்மனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. “போகட்டும் ஹெட்டிம்மா. எத்தனை திட்டினாலும் தகும். உங்க தோட்டம் உங்களுக்கே நிலைச்சுதே, எனக்கு அது போதும்.”

ஹெட்டி கோட்டுப் பையிலிருந்து தோட்டத்து வாசல் சாவியை எடுத்தார். முப்பத்து நான்கு வருடச் சாவி. ஒரு கணம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, குழந்தையோடு நின்ற பெண்ணிடம் நீட்டினார்.

“இந்த இடுப்ப வச்சுக்கிட்டு எனக்கு எதுக்குப்பா தோட்டம்? நோட்டீஸ் வந்த மறுநாளே வேணாம்னு மியூரியல்கிட்ட எழுதிக் கொடுத்துட்டேன். ஒரு தோட்டத்துக்காக அஞ்சு வருஷமா வரிசையில காத்திருந்த இந்தப் பொண்ணுகிட்ட அந்தக் களைக் காட்ட அப்படியே கொடுக்க மனசு வரல. தோண்டுறதுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.”