பனிமலை உச்சியில் ஒரு போட்டோ

“ஸ்வல்ப பின்னாடி போ மதலை. இன்னும் ஒரு அடி!”

மதலைமுத்து திரும்பிப் பார்த்தார். பனி மூடிய பாறை அங்கேயே முடிந்து, கீழே அதல பாதாளம்.

பெங்களூரில் ரயிலேற்றும்போது மனைவி பவுலின் சொன்னது ஞாபகம் வந்தது. “கோர்ட்டுக்கு இழுத்தவன எந்த முதலாளியாவது மணாலிக்குக் கூட்டிட்டுப் போவாரா? மேல இருந்து தள்ளிவிட்டுடப் போறாரு, பாத்துப் போங்க!”

போன வருஷம் முதலாளி நாராயணசாமியின் பட்டறையில் இரும்புச் சட்டம் விழுந்து மதலைமுத்துவின் இடுப்பு போயிற்று. இனி வேலை செய்ய முடியாது என்று நஷ்டஈடு கேட்டு லேபர் கோர்ட்டில் கேஸ் போட்டிருந்தார். அது ஜெயித்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

ஆனாலும் பட்டறையின் டிசம்பர் டூருக்கு நாராயணசாமி அவரையும் விடாமல் அழைத்தார். “கேஸ் பாட்டுக்கு நடக்கட்டும்பா. நீ எங்க ஆளுதானே?”

ஜீப் நின்ற இடத்திலிருந்து உச்சிக்கு அரை மணி நேர நடைதான். வலி தெரியாமலிருக்க இரண்டு மாத்திரை கொடுத்து, தன் தோளையும் கொடுத்து, முதலாளியே அவரை ஏற்றிக்கொண்டு வந்தார். இப்படி ஒரு முதலாளி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

இப்போது அதே முதலாளி கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் நீட்டியபடி நெருங்கினார்.

‘குழந்தை இயேசுவே!’ மதலைமுத்து கண்களை இறுக மூடிக்கொண்டார்.

அந்தக் கைகள் ஸ்வெட்டருக்கு மேலே அவர் கட்டியிருந்த, இடுப்பு வலிக்கு டாக்டர் கொடுத்த பட்டை பெல்ட்டைக் கழற்றின. “இது போட்டோல அசிங்கமா தெரியும்பா. என் பேக்கை மாட்டிக்கோ, ஸ்டைலா இருக்கும்.”

முதலாளி நாலடி தள்ளிப் போய் நின்றார். “ரெண்டு கையையும் மேல தூக்கு. நல்லா சிரி!”

கிளிக். மூலையில் தேதி விழுகிற புதுக் கேமரா.

மதலைமுத்துவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார். “உங்களப் போய்த் தப்பா நெனச்சிட்டேன் சார்!”

“அட, விடுப்பா” என்று முதுகில் தட்டிக்கொடுத்தார் நாராயணசாமி.

ஜனவரியில் கேஸ் விசாரணைக்கு வந்தது. மதலைமுத்து நிற்க முடியாமல் சாட்சிக் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். முதலாளியின் வக்கீல் ஒரு போட்டோவை நீதிபதியிடம் கொடுத்துவிட்டு, இன்னொரு பிரதியை மதலைமுத்துவின் முன்னால் நீட்டினார். அவருக்குத் தெளிவாகப் புரியட்டும் என்று கன்னடத்தை விட்டுத் தமிழிலேயே கேட்டார்.

“மலை உச்சியில கையத் தூக்கிச் சிரிக்கிறது நீங்கதானே?”